கூரைக்கு எந்தப் போர்வை?

மே மாதம். கத்திரி வெயில் கொளுத்துகிறது. அம்பத்தூரில் ஒரு தெரு. அதில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள். ஒன்றுக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை. மற்றொன்றுக்குக் கான்கிரீட் தளம். இரண்டிலும் ஒரே அளவு அறை, ஒரே மாதிரி மின்விசிறி. பகல் 2 மணிக்கு உட்கார்ந்து கணக்குப் போட வேண்டுமென்றால் நீங்கள் எந்த வீட்டுக்குப் போவீர்கள்?

“இதில் என்ன சந்தேகம்? தளம் போட்ட வீட்டுக்குத்தான்” என்பீர்கள். சரியான விடை. அதே நாள் இரவு 9 மணிக்கு எங்கே படுப்பீர்கள்? இப்போதும் தளம் போட்ட வீடுதான் என்றால், அந்த வீட்டுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் பாயையும் தலையணையையும் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். கீழே, அறைக்குள் மின்விசிறி அனலை வாரி இறைத்துக்கொண்டிருக்கும். ஷீட் வீட்டுக் கூரையிலோ இதற்குள் சூடு பெரும்பாலும் அடங்கியிருக்கும்.

பகலில் தோற்ற கூரை இரவில் ஜெயித்துவிட்டது! ஏன்? இந்தப் புதிருக்கு விடை தெரிந்தால், நம் வீட்டுக் கூரைக்கு எதைப் போர்த்தலாம், எதற்குச் செலவழிப்பது வீண் என்பதும் தெரிந்துவிடும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும், சிறுகச் சிறுகச் சேர்த்துத் தளம் போட்டவர்களுக்கும் இது சின்ன விஷயம் இல்லை.

28 இஸ்திரிப் பெட்டிகள்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்கள் சென்னைக்கு மேற்கே, கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 15 முதல் 25 கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கின்றன. மெரினாவில் இருப்பவர்களுக்கு முதலில் கிடைக்கும் கடற்காற்று இங்கே வந்து சேரத் தாமதமாகிறது. சில நாட்களில் வருவதே இல்லை. 2003ஆம் ஆண்டு மே இறுதியில் நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்திலேயே 45 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று.

நம் ஊர் 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் 24ஆம் தேதியையும் ஆகஸ்ட் 18ஆம் தேதியையும் ஒட்டி, நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அன்று செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழல் விழாது. ‘நிழலில்லா நாள்’ என்று பள்ளிகளில் அதைக் கொண்டாடியிருப்பீர்கள். மே மாத நண்பகலிலும் சூரியன் உச்சிக்கு மிக அருகில்தான் நிற்கிறது. அந்த நேரத்தில் சுவர்கள் மேல் வெயில் அதிகம் படுவதில்லை. கூரைதான் முழுவதையும் வாங்கிக்கொள்கிறது. எனவே சுவரைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம்.

கூரை எவ்வளவு வாங்குகிறது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? மேகமில்லாத கோடை நண்பகலில் 1 சதுர மீட்டர் கூரையின் மேல் ஏறத்தாழ 1000 வாட் அளவு வெயில் விழுகிறது. 20 அடி நீளம், 15 அடி அகலம் உள்ள ஒரு கூரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பரப்பு ஏறத்தாழ 28 சதுர மீட்டர். ஆகவே 28,000 வாட்! துணி தேய்க்கும் 1000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் 28ஐ மொட்டை மாடியில் வரிசையாக வைத்துச் சுவிட்சைப் போட்டது போல.

நல்ல வேளையாக அத்தனையும் உள்ளே இறங்குவதில்லை. ஒரு பகுதி பட்ட உடனே பிரதிபலித்துத் திரும்பிவிடுகிறது. சூடான கூரையிலிருந்து ஒரு பகுதியைக் காற்று அள்ளிக்கொண்டு போகிறது. ஒரு பகுதி வெப்பக் கதிர்வீச்சாக வானத்துக்கே போகிறது. எஞ்சியதுதான் நம் தலைமேல் இறங்குகிறது. அதைக் குறைப்பதே நம் வேலை.

கூரைக்கும் ஓம் விதி உண்டு

மின்னோட்டத்துக்கு ஓம் விதி படித்திருப்பீர்கள். மின்னழுத்த வேறுபாட்டை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம். வெப்பமும் ஏறக்குறைய அப்படித்தான் ஓடுகிறது. கூரையின் மேற்பரப்புக்கும் அறைக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டை, கூரையின் வெப்பத் தடையால் வகுத்தால், 1 சதுர மீட்டர் வழியே எத்தனை வாட் இறங்குகிறது என்பது கிடைக்கும். கூரையில் பல அடுக்குகள் இருந்தால்? தொடர் இணைப்பில் உள்ள மின்தடைகளைக் கூட்டுவது போலவே கூட்டிக்கொள்ளலாம்.

ஓர் அடுக்கின் தடையைக் காண, அதன் கனத்தை மீட்டரில் எடுத்து, அப்பொருளின் வெப்பக் கடத்தும் திறனால் வகுக்க வேண்டும். கடத்தும் திறன் குறைந்தால் தடை கூடும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் கட்டடங்களுக்காக 1987இல் வெளியிட்ட கையேட்டில் நம் நாட்டுப் பொருள்களுக்கான அளவுகள் இருக்கின்றன. கான்கிரீட்டுக்கு ஏறத்தாழ 1.58. செங்கல்லுக்கு 0.81. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளத்துக்கு 0.73. ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட்டுக்கு 0.245. தென்னை நார்த்தூள் பலகைக்கு 0.06. உமிக்கு 0.05. தெர்மோகோலுக்கு 0.035.

இந்த எண்களைப் பார்த்ததும் ஒரு வியப்பு ஏற்படவில்லையா? வெப்பத்தைக் கடத்துவதில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கான்கிரீட்டைவிட மந்தம்! பின்னே ஏன் பகலில் அந்த வீடு அடுப்பாகிறது? கனத்தைப் பாருங்கள். ஷீட் வெறும் 6 மில்லிமீட்டர். 0.006ஐ 0.245ஆல் வகுத்தால் 0.024. இது 1 மில்லிமீட்டர் தெர்மோகோலின் தடைக்கும் குறைவு. தலைக்கு மேல் ஒரு தபால் அட்டையைப் பிடித்துக்கொண்டு அதைக் கூரை என்று சொல்லிக்கொள்வது போலத்தான்.

இன்னொரு கணக்கு. 5 சென்டிமீட்டர் தெர்மோகோலின் தடை 1.43. இதே தடையைக் கான்கிரீட்டால் பெற வேண்டுமென்றால் எவ்வளவு கனமாகத் தளம் போட வேண்டும்? 1.43ஐ 1.58ஆல் பெருக்குங்கள். 2¼ மீட்டர்! தளத்தைக் கனமாகப் போட்டால் வீடு குளிர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

தெர்மோகோலில் அப்படி என்ன இருக்கிறது?

ஒன்றும் இல்லை! உண்மையில் அதுதான் ரகசியம். தெர்மோகோலை உடைத்துப் பாருங்கள். சின்னச் சின்ன மணிகள். ஒவ்வொரு மணிக்குள்ளும் நுண்ணிய அறைகள். அறைகள் நிறையக் காற்று. அதன் கன அளவில் 100க்கு 95 பங்குக்கு மேல் காற்றுதான். அசையாத காற்றின் கடத்தும் திறன் 0.025. தெர்மோகோலின் எண் அதற்கு மிக அருகில் இருப்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் வெறும் காற்றையே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். காற்றைச் சும்மா விட்டால் அது சுற்றிச் சுழன்று வெப்பத்தைச் சுமந்து செல்லும். சலனம் என்று படித்தீர்கள் அல்லவா, அதுதான். காற்றைச் சிறு சிறு அறைகளில் அடைத்து அசையவிடாமல் செய்ய வேண்டும். தெர்மோகோல் செய்வது அவ்வளவே. உமி, வைக்கோல், தென்னை நார்த்தூள், இலவம் பஞ்சு, கம்பளி எல்லாம் செய்வதும் அதுவே. அமெரிக்கா, கனடா போன்ற குளிர் நாடுகளில் சரிவுக் கூரைக்கு அடியில் பரண் போல முக்கோண வடிவில் ஓர் இடம் இருக்கும். அங்கே கண்ணாடி இழைக் கம்பளியை ஒரு சாண் கனத்துக்கும் மேலாகப் பரப்பி வைக்கிறார்கள். அவர்கள் உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாமல் தடுக்கிறார்கள். நாம் வெளியே இருக்கும் சூட்டை உள்ளே விடாமல் தடுக்கிறோம். போர்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

நம் ஊரில் அந்தக் கம்பளியின் வேலையைப் பல காலம் செய்தது தென்னங்கீற்று. ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி வேய்ந்த கீற்றுக் கூரைக்கு அடியில் கத்திரி வெயிலிலும் உட்கார முடியும். வெப்பத்தைப் பொறுத்தவரை கீற்றை விஞ்ச இன்றைய விலை உயர்ந்த பொருள்களும் சிரமப்படும். ஆனால் அடிக்கடி மாற்றி வேய வேண்டும். ஒரு தீப்பொறி போதும், தெருவே போய்விடும். கீற்றை விட்டு ஷீட்டுக்கு மாறியவர்கள் அறியாமையால் மாறவில்லை. நெருப்புக்குப் பயந்து மாறினார்கள்.

பழைய வீடுகளில் மண் பானைகளைத் தளத்தின்மேல் நெருக்கமாகக் கவிழ்த்து, இடுக்குகளில் சுண்ணாம்புக் கலவை கொட்டி மூடுவதும் உண்டு. பானைக்குள் இருக்கும் காற்றுதான் போர்வை. யோசனை ஒன்றே, பாத்திரம்தான் வேறு.

புதிருக்கு விடை

இப்போது அந்த இரண்டு வீடுகளுக்குத் திரும்புவோம்.

பழைய சென்னை வீடுகளில் ‘மெட்ராஸ் டெரஸ்’ என்ற தளத்தைப் பார்த்திருக்கலாம். தேக்கு உத்திரங்களின்மேல் சிறு செங்கற்களைச் சாய்வாக நிறுத்தி அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய் ஊறிய நீரும் வெல்ல நீரும் தெளித்து, சித்தாட்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். உத்திரமும் செங்கல்லும் போய்க் கான்கிரீட் வந்த பிறகும், மேலே அந்தச் சுண்ணாம்புச் சுர்க்கியும் தட்டோடும் மட்டும் போகவில்லை. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பெரும்பாலான மொட்டை மாடிகளில் இன்றும் நீங்கள் கால் வைப்பது அந்தத் தட்டோட்டின்மேல்தான்.

10 சென்டிமீட்டர் கான்கிரீட், 7½ சென்டிமீட்டர் சுர்க்கி, 2 சென்டிமீட்டர் தட்டோடு. நம் 28 சதுர மீட்டர் கூரையில் இவற்றின் எடை ஏறத்தாழ 11 டன். இதே அளவு ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் எடையோ அரை டன்கூட இல்லை. விடை இங்கேதான் இருக்கிறது.

11 டன் கல்லும் சுண்ணாம்பும் சூடாக நேரம் பிடிக்கும். காலையிலிருந்து அவை வெப்பத்தைக் குடித்துக்கொண்டே இருக்கின்றன. நண்பகலில் மேலே ஏறிய உச்சச் சூடு கீழ்ப்பக்கத்துக்கு வந்து சேர ஐந்தாறு மணி நேரம் ஆகிறது. ஆகவே பகல் 2 மணிக்கு உங்கள் தலைக்கு மேல் இருப்பது காலைச் சூடு! இரவு 7, 8 மணிக்கு வந்து சேர்வதுதான் உச்சி வெயில். அந்தத் தளம் 10 டிகிரி குளிர வேண்டுமென்றால் எவ்வளவு வெப்பத்தைக் கக்க வேண்டும் தெரியுமா? ஏறத்தாழ 27 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம். ஒரு பகுதி மேலே வானத்துக்குப் போகும். மறு பகுதி கீழே, பாய் விரித்துப் படுத்திருக்கும் உங்கள்மேல்.

மெலிந்த ஷீட்டுக்குச் சேமித்து வைக்க இடமே இல்லை. வெயில் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். மாலை 6 மணிக்குமேல் அது சீக்கிரம் ஆறிவிடுகிறது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. கூரையைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். வெயிலை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது? எஞ்சியதை எவ்வளவு தடுக்கிறது? தடுக்காததை எவ்வளவு நேரம் சேமித்து வைக்கிறது? கடைக்காரர் பெரும்பாலும் இரண்டாவது கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்வார்.

சுண்ணாம்பா, தெர்மோகோலா?

முதல் கேள்விதான் மிகவும் மலிவானது என்பது என் கருத்து. அழுக்கேறிப் பாசி கறுத்த மொட்டை மாடி, தன்மேல் விழும் வெயிலில் 100க்கு 70 பங்குக்கு மேல் உறிஞ்சிக்கொள்ளும். புதிதாக அடித்த சுண்ணாம்பு வெள்ளை 25 பங்கு அளவுதான் உறிஞ்சும். 28 இஸ்திரிப் பெட்டிகளில் 20 வேலை செய்துகொண்டிருந்த இடத்தில் இப்போது 7 மட்டுமே. மீதி வெயில் வந்த வழியே திரும்பிவிடுகிறது. தளத்துக்குள் நுழையாத வெப்பத்தைத் தடுக்கவும் வேண்டாம், சேமிக்கவும் வேண்டாம்.

நம் ஓம் விதியில் போட்டுப் பார்ப்போம். அழுக்குத் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரி, அறை 34 டிகிரி என்று கொள்வோம். வேறுபாடு 26. தடைகள்: கான்கிரீட் 0.06, சுர்க்கி 0.10, தட்டோடு 0.03. உட்கூரையை ஒட்டி மெல்லிய காற்றுப் படலம் ஒன்று அசையாமல் தங்கும். அதற்கு 0.16. மொத்தம் 0.35. சதுர மீட்டருக்கு 74 வாட். கூரை முழுவதற்கும் ஏறத்தாழ 2,100 வாட். அதாவது இரண்டு இஸ்திரிப் பெட்டிகள் உங்கள் அறைக்குள் இரவும் பகலும் அணையாமல் எரிந்தால் எப்படியோ, உச்சி நேரத்தில் அப்படி.

சுண்ணாம்பு அடித்தால் மேற்பரப்பு 42 டிகிரிக்கு இறங்குகிறது என்று கொள்வோம். வேறுபாடு 8 ஆகிறது. உள்ளே வருவது 640 வாட்.

சுண்ணாம்பு அடிக்காமல் 5 சென்டிமீட்டர் தெர்மோகோல் மட்டும் வைத்தால்? தடை 1.78 ஆகிறது. உள்ளே வருவது ஏறத்தாழ 400 வாட்.

இரண்டையும் செய்தால் 130 வாட்கூட இல்லை.

வெறும் ஷீட் கூரைக்கும் இதே கணக்கைப் போட்டால் 4,000 வாட்டைத் தொடுகிறது. இவை தோராயக் கணக்குகள். தளம் வெப்பத்தைச் சேமிப்பதை இதில் சேர்க்கவில்லை. ஆனாலும் வரிசை மாறாது. தெர்மோகோல் முதல், சுண்ணாம்பு இரண்டாவது. ஆனால் செலவைப் பாருங்கள். ஒன்று கொத்தனார் வேலை. மற்றொன்று ஒரு மூட்டைச் சுண்ணாம்பு, ஒரு மட்டை, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. 2,100ஐ 640ஆகக் குறைக்கும் வேலை அந்த ஒரு காலையில் முடிந்துவிடுகிறது. அதன்பின் தெர்மோகோல் வைத்துக் குறைப்பது வெறும் 500 வாட் சொச்சம்தான். ஆகவே கையில் பணம் குறைவாக இருந்தால் முதலில் மேலே வெள்ளை.

சுண்ணாம்பின் குறையையும் சொல்ல வேண்டும். மழையில் கரையும், தூசி படிந்தால் பழுப்பாகும். பழுப்பான வெள்ளை பாதி வெள்ளைதான். கொத்தனார்கள் வஜ்ரம் அல்லது கஞ்சி கலந்து ஒட்டவைப்பது இதற்காகத்தான். ஆண்டுதோறும் மார்ச்சில், வெயில் ஏறுமுன் அடித்துவிட வேண்டும். உங்கள் வீட்டில் மொட்டை மாடி மழைநீரைச் சேகரிப்பவர்கள் என்றால், முதல் மழை நீரை வெளியே விட்டுவிடுங்கள். கடையில் விற்கும் வெப்பம் எதிரொலிக்கும் பெயிண்டும் வெள்ளை ஓடும் இதே வேலையைத்தான் செய்கின்றன. அதிக நாள் தாங்குகின்றன, அதிக விலையும் கேட்கின்றன. அரசுகளும் இப்போது இதைக் கவனிக்கத் தொடங்கியுள்ளன. தெலங்கானா 2023இல் குளிர் கூரைக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. தமிழ்நாடு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

தெர்மோகோலை வைப்பதென்றால் எங்கே வைப்பது? தளத்துக்குக் கீழே ஒட்டுவது சுலபம். ஆனால் மேலே தளம் வெயிலில் காய்ந்துகொண்டே இருக்கும். பகலில் விரிந்து இரவில் சுருங்கி, நாளடைவில் விரிசல் விடும். புதிதாகத் தளம் போடுபவர்கள் கான்கிரீட்டுக்கு மேலே காப்புப் பலகையை வைத்து, அதன்மேல் சுர்க்கியும் ஓடும் போடுவது நல்லது. 11 டன்னில் பெரும்பகுதி அப்போது போர்வைக்கு உள்ளே நிழலில் இருக்கும். ஒரு எச்சரிக்கை: போர்வை இரு பக்கமும் தடுக்கும். அறைக்குள் சமையல் சூடும் ஆட்களின் சூடும் சேர்ந்துவிட்டால் கூரை வழியே அது வெளியேறாது. மாலையில் வெளிக்காற்று குளிர்ந்ததும் சன்னல்களைத் திறந்துவிட வேண்டும்.

தண்ணீர் தெளிப்பது? 1 லிட்டர் தண்ணீர் ஆவியானால் இஸ்திரிப் பெட்டி 40 நிமிடம் கொடுக்கும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விடும். ஈரச் சாக்கு விரித்த மாடி உண்மையிலேயே குளிரும். ஆனால் 2019 கோடையில் செம்பரம்பாக்கமும் புழலும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் குடிநீர் வந்ததை நினைத்தால், மாடியில் குடம் குடமாக ஊற்ற மனம் வருமா?

ஷீட்டுக்கு அடியில் ஒரு சேலை

1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வந்த பிறகு, வேலை தேடி வந்தவர்களுக்கு வீடு வேண்டியிருந்தது. மொட்டை மாடியில் நாலு சுவர் எழுப்பி ஷீட் போட்டு வாடகைக்கு விடுவது இந்தப் பக்கத்தில் சகஜம். நான் பத்தாம் வகுப்புப் படித்தது அப்படி ஓர் அறையில்தான். அம்மா ஷீட்டுக்கு ஒரு முழம் கீழே, நாலு மூலையிலும் கயிறு கட்டிப் பழைய பருத்திச் சேலைகளை விரித்துவிட்டார். “சேலை வெயிலை நிறுத்துமா?” என்று நான் கேலி செய்தேன். அன்று பிற்பகலே கேலியை நிறுத்திக்கொண்டேன்.

காரணம் இதுதான். 60 டிகிரிக்குக் காய்ந்த ஷீட், அடுப்புத் தணலைப் போலக் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்களைக் கீழே வீசுகிறது. சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 180 வாட். கதிரைக் காற்று தடுக்காது; மின்விசிறியும் தடுக்காது. அதனால்தான் விசிறிக்கு அடியிலும் உச்சந்தலை காய்கிறது. நடுவே தொங்கும் சேலை கதிர்களைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஷீட்டுக்கும் சேலைக்கும் இடையே சூடேறும் காற்று, சுவரின் மேல் ஓரத்தில் வழி இருந்தால் வெளியேறிவிடும். சேலை ஷீட்டைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். உங்கள்மேல் அது வீசும் கதிரும் அவ்வளவு குறைவு. துணிக்குப் பதில் பளபளப்பான அலுமினியத் தாளை இப்படி இடைவெளி விட்டுக் கட்டினால் இன்னும் நல்லது. பளபளப்பான உலோகம் கதிர்களைத் திருப்பிவிடும். தானும் மிகக் குறைவாகவே வீசும். அதை ஷீட்டோடு ஒட்டிவிட்டால் வெப்பம் நேராகத் தாளுக்குள் ஏறும். பயனில் ஒரு பகுதி போய்விடும். கோரைப் பாய், மூங்கில் தட்டி எல்லாம் இந்த வேலைக்கு ஏற்றவையே. எதைக் கட்டினாலும் அடுப்புக்கும் மின்கம்பிக்கும் எட்டாத தூரத்தில் கட்டுங்கள்.

எங்கள் அறையில் பின்னாளில் தெர்மோகோலும் ஒட்டிப் பார்த்தோம். குளிர்ச்சியாகத்தான் இருந்தது. மூன்றாவது மாதமே எலி குடைந்துவிட்டது. வெள்ளை மணிகள் சோற்றில் விழுந்தன. மூடிய உறை இல்லாமல் தெர்மோகோலை வீட்டுக்குள் தொங்கவிடுவது அதைவிடப் பெரிய ஆபத்து. நெருப்புப் பட்டால் உருகிச் சொட்டிக்கொண்டே கரும்புகையோடு எரியும்.

ஷீட் வீட்டில் இருப்பவர்கள் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. கல்நார் கலந்த ஷீட்டை அறுக்காதீர்கள், துளைக்காதீர்கள், தேய்க்காதீர்கள். அதிலிருந்து கிளம்பும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் உண்டாக்கும். எல்லா வகைக் கல்நாருக்கும் இது பொருந்தும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அடுத்து, வெள்ளை அடிக்கிறேன் என்று ஷீட்டின்மேல் ஏறாதீர்கள். பளு தாங்காமல் உடைந்து கீழே விழ நேரும். அந்த வேலையைப் பழகிய ஆட்களே பலகை போட்டுச் செய்யட்டும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

ஒரே அளவுள்ள பால் பவுடர் டின்கள் நான்கு வேண்டும். ஒவ்வொரு மூடியிலும் ஓரமாகத் துளையிட்டு, தக்கை வழியே வெப்பமானியைச் செருகுங்கள். குமிழ் டின்னின் நடுவில் தொங்க வேண்டும். வெப்பமானி ஒன்றே இருந்தால் மாற்றி மாற்றிச் செருகி அளக்கலாம். பள்ளி ஆய்வகத்து வெப்பமானியாக இருக்கட்டும். காய்ச்சல் பார்க்கும் கண்ணாடி வெப்பமானி 42 டிகிரி வரைதான் காட்டும். டின்னுக்குள் சூடு அதைத் தாண்டினால் உடைந்துவிடும்.

முதல் மூடிக்கு அடுப்புக்கரி பூசுங்கள். இரண்டாவதற்குச் சுண்ணாம்பு. மூன்றாவதற்குக் கரி பூசி, உட்புறம் 2 சென்டிமீட்டர் தெர்மோகோல் வெட்டிப் பொருத்துங்கள். நான்காவதன்மேல் இரண்டு விரல் கனத்துக்குக் களிமண் அப்பிக் காயவிட்டுக் கரி பூசுங்கள். நான்கு டின்களையும் ஓர் அட்டைப் பெட்டியில் நிறுத்தி, மூடி மட்டும் வெளியே தெரியும்படி சுற்றிலும் வைக்கோலோ பழைய செய்தித்தாளோ திணியுங்கள். அப்போதுதான் நம் வீட்டைப் போல வெயில் கூரை வழியே மட்டும் வரும்.

மொட்டை மாடியில் காலை 9 மணிக்கு வைத்து, மணிக்கு ஒரு முறை அளவெடுத்து வரைபடத்தாளில் நான்கு கோடுகளாக வரையுங்கள். வெயில் இறங்கியதும் பெட்டியை எடுத்துவிடாதீர்கள். இரவு 8 மணி வரை அளந்துகொண்டே இருங்கள். களிமண் டின்னின் கோடும் கரி மூடியின் கோடும் எந்த மணிக்கு ஒன்றை ஒன்று வெட்டுகின்றன என்று பாருங்கள்.